காரணம் தெரியாத குள்ளம்: மருந்து ஆய்வில் மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, உயரம் 122 செ.மீ. எட்டு வயதில் 112, ஒன்பதில் 117 இருந்தான். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முதிர்ச்சிப்படி எலும்பு வயது 8. தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் சரி, காரணம் தெரியவில்லை என்கிறார்கள். புது ஊசி மருந்துக்கான ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள், சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயம். கணவர் இணையத்தில் படித்துவிட்டு லெட்ரோசோல் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார். புரதப் பவுடரும் கொடுக்கிறோம். காலம் கடந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை.

பதில்: அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். அது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தகட்டை மூடவைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் என்பதால், பருவ வளர்ச்சி தொடங்கிய பையன்களிடம் இந்த மாத்திரையால் அந்த ஹார்மோனைத் தடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சில பையன்களுக்கு முதுகெலும்பு முள்ளெலும்புகளின் வடிவம் மாறியதும் தெரியவந்தது. பருவமே தொடங்காத பிள்ளைக்கு இதனால் லாபம் ஒன்றும் இல்லை. ஆபத்து மட்டும் மிஞ்சும். பவுடரையும் நிறுத்தலாம், ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளையை அது உயர்த்தாது.

காலம் கடக்கவில்லை. எலும்பு வயது இரண்டு ஆண்டு பின்தங்கியிருப்பது நல்ல செய்திதான். வளர இன்னும் இடம் இருக்கிறது. வருடத்துக்கு 5 செ.மீ. என்பதும் இந்த வயதுக்குச் சரியான வேகமே.

நான் பயப்படுவது அந்த வேகம் குறைந்தால்தான். ஒரு வருடத்தில் 4 செ.மீ.க்கும் கீழே இறங்கினால், பழைய முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தாலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். கூடவே காலையில் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், அளவுக்கு மீறிய தாகம் என்று ஏதாவது வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் அருகே கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், அதே சுவரில், அதே வேளையில் அளந்து எழுதிவையுங்கள். காலையில் இருக்கும் உயரம் மாலையில் கொஞ்சம் குறையும்.

சரி, ஆய்வுக்கு வருவோம். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஆய்வு இல்லாமல் உண்மை தெரியாது. இதே குறைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியை அமெரிக்கா 2003-ல் அனுமதித்தது. மருந்தில்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்டு, பிள்ளைகள் வளர்ந்து முடியும்வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. பல வருடம், வாரம் மூன்று ஊசி. கடைசியில் கிடைத்த வித்தியாசம் சராசரியாக 3.7 செ.மீ.

அதனால் ஆய்வுக்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, வளர்ச்சி முடியும்வரை அளப்பீர்களா என்பதுதான். முதல் வருடம் வேகமாக வளர்வது வேறு, இறுதி உயரம் கூடுவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நம்பவைப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பிறகு, மகனுக்கு வெற்று ஊசி கிடைக்க வாய்ப்பு உண்டா, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா என்று கேளுங்கள். பதில்கள் எழுத்தில் இருக்கட்டும். தெளிவாகச் சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், மகனிடமும் கேளுங்கள். ஊசி குத்தப்போவது அவனுக்கு. அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.