தமிழை நிறுத்திவிடலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு 2 வயது 3 மாதம். நாங்கள் தமிழில் பேசுகிறோம்; பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா கன்னடத்தில் பேசுகிறார். குழந்தை "தண்ணி பேக்கு" என்று கலந்து பேசுகிறாள். இரு மொழியும் சேர்த்து அறுபது சொற்கள் இருக்கலாம். அவளைச் சேர்க்கவிருக்கும் மழலையர் பள்ளியில், வீட்டில் இனி ஆங்கிலம் மட்டுமே பேசச் சொல்கிறார்கள். தமிழை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். "தண்ணி பேக்கு" என்பதில் உங்கள் மகள் தமிழ்ப் பெயரையும் 'வேண்டும்' என்னும் கன்னடச் சொல்லையும் சரியான வரிசையில் கோத்திருக்கிறாள். இரண்டு வயதையொட்டி எதிர்பார்க்கப்படுவது, ஏறத்தாழ ஐம்பது சொற்களும் இரு சொல் சேர்த்துப் பேசும் திறனும்தான். இரண்டும் அவளுக்கு வந்துவிட்டன. சொற்களை இரு மொழிக்கும் சேர்த்து நீங்கள் எண்ணியதே சரியான முறை. தமிழை மட்டும் எண்ணி, ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தையோடு ஒப்பிட்டால்தான் பின்தங்கியதுபோல் தோன்றும்.

மொழி, பேச்சு வருவதற்கு வெகுமுன்பே காதில் தொடங்கிவிடுகிறது. ஆங்கிலச் சூழலில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்தறிந்ததையும், ஒரு வயதை நெருங்குகையில் அத்திறன் பெரிதும் மங்கியதையும் உளவியல் ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். நாள்தோறும் கேட்கும் ஒலிகளுக்கே காது கூர்மையாகிறது. கேட்பதும் மனிதரிடமிருந்து வர வேண்டும்: பாட்ரீசியா குல் குழுவினரின் 2003 ஆய்வில், சீனமொழி பேசுபவர் நேரில் விளையாடியபோது அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன, அதையே திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. எனவே கைப்பேசியில் ஆங்கிலப் பாடல்களை ஓடவிடுவதைவிட, சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் நீங்கள் தமிழில் பேசுவது பன்மடங்கு பயன் தரும். கொஞ்சவும் கண்டிக்கவும் கதை சொல்லவும் உங்களுக்குத் தடையில்லாமல் வரும் மொழியை விட்டுவிட்டு, அளந்து பேசும் ஆங்கிலத்துக்கு மாறினால், குழந்தை கேட்கும் பேச்சே குறைந்துவிடும். ஆங்கிலத்தை அவள் பள்ளியில் கற்றுக்கொள்வாள். ஆயாம்மாவும் கன்னடத்திலேயே பேசட்டும்.

பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் பலமுறை திரும்பாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதியுங்கள். மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் இதற்கான பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கின்றன.