ஒரே டோஸ்கா, மூன்று தடவை

அன்புள்ள ஐயா,
வேலை மாற்றலாகி வியன்னா வந்திருக்கிறேன். செப்டம்பர் முதல் ஜூன் வரை ஸ்டேட் ஓபராவில் 22 ஓபராக்கள் பார்க்க எக்செல்லில் அட்டவணை போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு முறை. வாக்னரின் நீளமான ஓபராக்களை முதலில் பார்ப்பதா, கடைசியிலா? கதையைப் படித்துவிட்டுப் போகவேண்டுமா? டிக்கெட் விலைதான் கையைக் கடிக்கிறது.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

டிசம்பர் சீசனில் எத்தனை கச்சேரி கேட்டேன் என்று கணக்கு சொல்லும் நண்பர் ஒருவருடன் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், உங்கள் கடிதம் வந்திருந்தது. அவருக்கான வசவில் பாதி உங்களுக்கு.

கதையைப் படியுங்கள், பத்து நிமிட வேலை. வாக்னர் முதலிலா கடைசியிலா என்பதெல்லாம் ஒரு கேள்வியா?

22 ஓபரா, தலா ஒரு முறை! கல்யாணி கேட்டாயிற்று என்று யாராவது டிக் போட்டு வைப்பார்களா? நீங்கள் இருக்கும் ஊரின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு ஓபரா சில இரவுகள் வரும், போகும், பிறகு வேறு பாடகர்களோடு திரும்பி வரும். புச்சினி இசையமைத்த 'டோஸ்கா'வை இயக்குநர் மார்கரேட்டே வால்மன் 1958இல் மேடையேற்றினார், அது இன்னும் ஓடுகிறது. மேடையில் அதே தேவாலயம், அதே கோட்டை. பாடும் ஆள்தான் மாறுகிறார். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகி டோஸ்கா பாடும் 'விஸ்ஸி தார்த்தே' என்ற பாட்டு மூன்று நிமிடம்தான். அந்தக் காலத்தில் மரியா ஜெரிட்சா என்ற பாடகி அதைத் தரையில் குப்புறக் கிடந்தபடி பாடுவார், புச்சினியே மெச்சினார் என்பார்கள். இன்னொருவர் நின்றபடி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தொடங்குவார். ஒருமுறை மட்டும் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

விலைக்கு வருவோம். நின்று பார்க்க நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு, அன்றன்றைக்கு விற்பார்கள். உள்ளே போனதும் கம்பியில் ஒரு துணியைக் கட்டினால் அந்த இடம் உங்களுடையது. மேலே காலரியில் ஒருமுறை என் பக்கத்தில் ஒரு பாட்டி. கைப்பையில் பழைய டோஸ்கா இரவுகளின் பாடகர் பட்டியல்கள், சில பெயர்களைச் சுற்றிப் பென்சில் வட்டம். என் கைக்குட்டை அவர் பக்கம் நீண்டிருக்கிறது என்று அதட்டினார். அப்புறம், பைனாகுலரைக் கொடுத்தார். இரண்டாம் அங்கம் முடிந்ததும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாம் அங்கத்தின் பெரிய பாட்டு டெனருக்கு, அதாவது உச்சக்குரல் ஆண் பாடகருக்கு. அன்றைய டெனர் சரியில்லையாம். அந்தத் திமிர் வர எத்தனை இரவுகள் நின்றிருக்க வேண்டும்!

அட்டவணையில் பாதியை அடியுங்கள், தம்பி. டோஸ்காவை மூன்று தடவை போடுங்கள். வாக்னரின் 'டிரிஸ்டான்' அன்றைக்கு மட்டும் காசைப் பார்க்காமல் இருக்கை வாங்குங்கள். இசை மட்டுமே நாலு மணி நேரம். உங்கள் முழங்காலோடு எனக்கு விரோதம் இல்லை.