இலவச சொட்டுநீருக்கு எதற்குப் பணம்?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறேன். அப்பா, சித்தப்பா பெயரில் 8 ஏக்கர் கூட்டுப் பட்டா. அப்பா காலமாகிவிட்டார். எங்கள் பங்கு 4 ஏக்கர். 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர் போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்ட் 8,000 ரூபாயும், நாலைந்து தாள்களில் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். பயிர் இடைவெளியைப் பொறுத்து அரசு ஒரு தொகை வரம்பு வைத்திருக்கிறது. நீங்களாக அதற்கு மேல் கேட்டு வாங்கும் பொருளுக்குத்தான் கைக்காசு போக வேண்டும். அதையும் விலைப்புள்ளியில் எழுதி, ரசீதோடு கேட்கட்டும். "ஆபீஸ் செலவு" என்று எதுவும் கிடையாது.

கையெழுத்து விஷயம் இன்னும் பெரியது. மானியம் உங்கள் கணக்குக்கு வராது, கம்பெனிக்குப் போகும். வேலை திருப்தியாக முடிந்தது என்று நீங்கள் போடும் கையெழுத்துதான் அவர்களுக்குக் காசோலை. அதை முதலிலேயே வாங்கிவிட்டால், தண்ணீரை வடிகட்டும் பில்டர் வராது, உரம் கலந்து விடும் வென்சுரி வராது, செடி வரிசைக்குப் போகும் லேட்டரல் குழாய் பாதி வயலோடு நிற்கும். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தண்ணீர் விட்டு, கடைசி வரிசைச் செடி வரை சொட்டுகிறதா என்று நடந்து பார்த்த பிறகு போடுங்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் உரிமை, ஏஜென்ட்டுடையது அல்ல.

சரி, பட்டாவுக்கு வருவோம். 8 ஏக்கர் என்பதால் நீங்கள் பெரிய விவசாயி ஆகிவிட மாட்டீர்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்குதான் கணக்கு. ஆனால் அந்தப் பட்டாவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இறந்தவர் பெயரில் இருக்கும்வரை மனு நகராது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு முதலில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். சித்தப்பா ஒத்துழைத்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவாகவே வாங்கிவிடுவது நல்லது. பின்னால் எந்த மானியத்துக்கும் உதவும். அவர் தயங்கினால், கூட்டுப் பட்டாவிலேயே உங்கள் பெயரை ஏற்றி, நீங்கள் கைவசம் வைத்துப் பயிர் செய்வது எவ்வளவு நிலம் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். வேறு ஊரில் உங்கள் பெயரில் நிலம் இருந்தால் அதுவும் கூட்டப்படும், மறைக்க வேண்டாம்.

அப்புறம் தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிட்டாவும் அடங்கலும் அரசின் கணினியிலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறீர்கள் என்று அதே அரசுக்கு நீங்கள் காகிதம் வாங்கிக் காட்ட வேண்டும்! இந்த அலைச்சல்தான் ஏஜென்ட்டுகளுக்குச் சோறு போடுகிறது.

காகிதங்கள் சேர்ந்ததும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். உங்கள் சர்வே எண்ணில் முன்பே யாராவது மானியம் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் 7 ஆண்டு கழித்துத்தான் மறுபடி கிடைக்கும். நீங்கள் வாங்காமலே வாங்கியதாகப் பதிவு இருந்தால், மாதந்தோறும் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.