சிமெண்ட் அடித்தால் பாலம் பிழைக்குமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஊருணிக்கு வரும் வரத்துக்கால் மேல் எங்கள் ஐயா காலத்துச் செங்கல் வளைவுப் பாலம் இருக்கிறது. டிப்பர் லாரி ஓடி ஓடி வளைவின் அடியில் விரிசல். கம்பிவலை கட்டி சிமெண்ட் அடித்தால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

ஐயா காலத்துப் பாலம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருக்கும். சுண்ணாம்புக் கட்டடம் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசிய வீடுகளை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்: உப்புப் பூத்து, பூச்சு செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். பாலத்தில் அது வலைக்குப் பின்னால் நடப்பதால் கண்ணுக்கே தெரியாது.

முதலில் டிப்பரை நிறுத்துங்கள். அடுத்து மேலிருந்து இறங்கும் தண்ணீரை. தார்மேல் தாராகப் போட்டதைச் சுரண்டி எடுத்து, மழைநீர் ஓரமாக வடிய வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், செங்கலும் சேர்ந்து வரும். வெட்டி, வேரைப் பட்டுப்போக வைத்த பிறகே இடுக்கை அடைக்க வேண்டும். விரிசலின் குறுக்கே உள்ளங்கையளவு சுண்ணாம்புச் சாந்து அப்பி, தேதி கீறி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்தும் அது பிளக்காவிட்டால், சுண்ணாம்புக் குழம்பை மெதுவாக உள்ளே செலுத்தி அடைத்தால் போதும். பிளந்தால், விரிசல் இன்னும் நகர்கிறது; பாலத்தைத் தாங்கும் கால் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

சிமெண்டுக்கு ஓர் இடம் உண்டு, அந்தக் கால்மாட்டில். வெள்ளம் அடிமண்ணை அரித்திருந்தால், பழைய கட்டுமானத்தோடு ஒட்டாமல், தள்ளி, தரைமட்டத்துக்குக் கீழே கான்கிரீட் தடுப்பு போடலாம். ஒட்டாமல் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 'அங்கே போட்டோமே, இங்கேயும் கொஞ்சம்' என்று அதை வளைவுவரை ஏற்றிவிடுவார்கள். ஏற்றவிடாதீர்கள்.

இன்னொருவர் வருவார்: "இடிச்சிட்டுப் புதுசாக் கட்டுங்க, பழைய கல்லுக்கு நானே விலை தர்றேன்." தேக்குத் தூணும் கதவு நிலையும் வண்டியேறிய கதை செட்டிநாட்டுக்குப் புதிதா? இடிக்கச் சொல்பவரும் கல்லை வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் டிப்பரை மறிக்காது. பாலம் யாருடையது என்று கேட்டால் ஓர் அலுவலகம் அடுத்ததைக் கைகாட்டும். சுண்ணாம்பு என்றால் எஸ்டிமேட் போடுபவர் முகம் சுளிப்பார். கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலைக் கையில் வைத்துக்கொண்டு அலையுங்கள்.

செங்கல் தொங்கினாலோ விரிசல் பாலத்தின் குறுக்கே ஓடினாலோ இதெல்லாம் பிறகு; இன்றே பாதையை அடைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஐப்பசிக்குள் சாந்து அப்புங்கள், தை மாதம் படத்தோடு எழுதுங்கள்.