சந்தோஷ ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 36 வயசு. அம்மா, அக்கா ரெண்டு பேருமே எப்பவும் சோர்ந்த முகம்தான். நான் சிரிப்பேன், அரட்டை அடிப்பேன், ஆனா ராத்திரி படுத்தா எதுக்கு இதெல்லாம்னு ஒரு வெறுமை. எச்சில்ல டெஸ்ட் பண்ணி சந்தோஷ ஜீன் இருக்கான்னு சொல்றாங்களாமே, எடுக்கலாமா?

பதில்: காசை பத்திரமா வச்சுக்கோங்கம்மா. சந்தோஷத்துக்குன்னு தனியா ஒரு ஜீன் கிடையாது. 2016-ல கிட்டத்தட்ட 3 லட்சம் பேரோட மரபணுவை அலசிப் பாத்தாங்க, மன நிறைவோட உறுதியா சம்பந்தம் இருக்குன்னு கிடைச்சது மூணே மூணு இடம், அதுவும் ஒவ்வொண்ணோட பங்கும் கடுகளவு.

அதுக்காக பரம்பரைக்கு பங்கே இல்லைன்னு சொல்ல வரல. இரட்டைப் பிள்ளைகளை வச்சு பண்ண ஆராய்ச்சிகளை சேத்துப் பாத்தா சுமார் 30-லேருந்து 40 சதவீதம்னு வருது, ஆனா இந்த நம்பரைத்தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க, என் சந்தோஷத்துல 40 பங்கு அம்மா குடுத்தது மீதி என் கையிலன்னு அர்த்தம் இல்ல, ஒரு பெரிய கூட்டத்துல ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசப்படுதுங்கறதுக்கான கணக்கு அது, உங்க ஒருத்தரைப் பத்தி அது எதுவும் சொல்லாது. 1996-ல லிக்கன், டெல்லிகன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், இன்னும் சந்தோஷமா ஆக முயற்சி பண்றது இன்னும் உயரமா ஆக முயற்சி பண்ற மாதிரி வீண் வேலையா இருக்கலாம்னு எழுதிட்டாங்க. அப்புறம் லிக்கனே அதை வாபஸ் வாங்கிட்டார். பழைய வரிதான் இன்னும் சுத்திட்டு இருக்கு!

சிரிக்கவும் செய்யறேன், வெறுமையாவும் இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது நடிப்பு இல்ல. சந்தோஷமா இருக்கீங்களாங்கறதும் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்காங்கறதும் வேற வேற கேள்வி. 2018-ல ரெண்டையும் தனித்தனியா மரபணுவோட ஒப்பிட்டாங்க, பெரும்பகுதி ஒத்துப் போச்சு, முழுசா ஒத்துப் போகல.

என்கிட்ட ஒருத்தர் இந்த மாதிரி ரிப்போர்ட்டை நாலா மடிச்சு, மடிப்பெல்லாம் கிழியற அளவுக்கு பாக்கெட்லயே வச்சிருந்து கொண்டு வந்தார். என் விதியே இதுதான் டாக்டர்னார். ரத்தம் எடுத்துப் பாத்தா தைராய்டு குறைவு. அதை யாருமே டெஸ்ட் பண்ணல!

உங்களுக்கு அந்த எச்சில் டெஸ்டை விட நல்ல மரபணு டெஸ்ட் வீட்லயே இருக்கு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ எப்பவாவது டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்களான்னு கேளுங்க. கூடப் பிறந்தவங்களுக்கோ பெத்தவங்களுக்கோ அது இருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு, வந்தே தீரும்னு இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இந்த வெறுமை, தூக்கமோ பசியோ மாறிருக்கு, முன்னாடி பிடிச்சது இப்ப பிடிக்கலைன்னா ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூணையும் பாத்துட்டே போங்க. நடுவுல எப்பவாவது நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்னு தோணுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, அந்த நிமிஷமே பக்கத்துல இருக்கறவங்க கிட்ட சொல்லிட்டு அவங்களோடயே ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க.