டமாக்சிஃபன் சாப்பிட்டால் கர்ப்பப்பை தடிக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருடமாக டமாக்சிஃபன் 20 மி.கி. சாப்பிடுகிறார். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மி.மீ. என்று வந்திருக்கிறது. உதிரப்போக்கு இல்லை. ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை என்றால் சவ்வு மெலியத்தானே வேண்டும்? கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– வாசகி, காரைக்குடி

பதில்: நியாயமான சந்தேகம்தான். லெட்ரோசோல் மாதிரியான மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பதையே குறைப்பவை. அவற்றைச் சாப்பிட்டால் சவ்வு மெலியும். டமாக்சிஃபன் குணம் வேறு. ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். மார்பகத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதோடு சரி. கர்ப்பப்பையிலோ, அங்குள்ள துணைப் புரதங்கள் சேர்ந்துகொள்ள, ஈஸ்ட்ரோஜனின் வேலையை, அதாவது சவ்வை வளர்ப்பதை, கொஞ்சம் தானே பார்க்க ஆரம்பித்துவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். (1960களில் இங்கிலாந்தில் டமாக்சிஃபனைக் கருத்தடை மாத்திரையாகத்தான் உருவாக்கப் பார்த்தார்கள். பெண்களுக்கு அது கருமுட்டையைத் தூண்டிவிட்டது!)

அந்த 11 மி.மீ. முழுக்கச் சவ்வின் வளர்ச்சி என்றும் நினைக்காதீர்கள். டமாக்சிஃபன் சாப்பிடுபவர்களுக்குச் சவ்வின் அடியில் உள்ள திசு நீர்கோத்து, குட்டிக் குட்டி நீர்க்கட்டிகளாகும். ஸ்கேனில் அதுவும் தடிப்பாகவே தெரியும். அதனால்தான் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு நான் இந்த ஸ்கேனை எழுதுவதே இல்லை. 11 என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம்.

50 வயதுக்கு மேல் இந்த மாத்திரையால் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் இரண்டு, மூன்று மடங்கு கூடும் என்பது உண்மை. ஆனாலும் நூற்றில் ஓரிருவருக்குத்தான் வருகிறது. மார்பக நோய் திரும்பாமல் காப்பதில் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது.

பார்க்க வேண்டியது உதிரத்தை. என்னிடம் வந்த ஒரு அம்மா, பாவாடையில் டீக்கறை மாதிரி பட்டதைச் 'சூடு' என்று சொல்லி நாலு மாதம் இளநீர் குடித்தார். ஹிஸ்டிரோஸ்கோப்பியில் (கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்தால் கட்டைவிரல் அளவு பாலிப், அதாவது சவ்விலிருந்து தொங்கும் சதை வளர்ச்சி. நல்லவேளை, பயாப்ஸியில் புற்று இல்லை. உங்கள் அம்மாவுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லெட்ரோசோலுக்கு மாற்றலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கக்கூடியது என்பதால், எலும்பு பலவீனமாக இருந்தால் அவர் யோசிப்பார். எலும்பு அடர்த்தி ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.