வாசகர் கேள்வி பதில்: ஆகஸ்ட் 14 நினைவுக் கூட்டம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களுக்கு எங்கள் கல்லூரியில் ஆகஸ்ட் 14 அன்று நினைவுக் கூட்டம் நடத்துகிறோம். அழைப்பிதழில் 'ஆறுதல் மகளிர்' என்று போடலாமா? நம் ஊர் மதுரை என்பதால் கண்ணகி படத்தை வைத்துத் தொடங்கலாம் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: 'ஆறுதல் மகளிர்' என்பது ராணுவம் வைத்த பெயர். யாருக்கு ஆறுதல் என்று கேட்டாலே அதன் கொடுமை விளங்கும். 'ராணுவப் பாலியல் அடிமைமுறையில் இருந்து மீண்டவர்கள்' என்றே அச்சிடுங்கள். நீளம்தான், ஆனால் அதுதான் உண்மை.

கண்ணகி வேண்டாம். நீதி கேட்டவள் என்பதற்காகச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் அவள் கதையின் அச்சாணி கற்பு. 'கற்பு போனவள்' என்ற அதே சொல்தான் இந்தப் பெண்களை ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாய் திறக்க விடவில்லை. 1991 ஆகஸ்ட் 14 அன்று, அப்படி அடிமையாக வைக்கப்பட்டிருந்த கொரியப் பெண்களில் ஒருவரான கிம் ஹாக் சூன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் சியோலில் சாட்சி சொன்னார். தென்கொரியாவில் வாழ்ந்தவர்களில் முதலில் வெளிப்படையாகப் பேசியவர் அவர்தான். அந்த நாள்தான் நினைவு நாள். மேடையில் யாரும் 'கற்பழிப்பு' என்று சொல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அழிந்தது எதுவும் அவர்களிடம் இல்லை. குற்றம் செய்தவன் வேறொருவன். வன்புணர்வு, பாலியல் வன்முறை என்ற சொற்கள் போதும்.

கேள்வி: ஜப்பான் மன்னிப்பும் கேட்டது, பணமும் கொடுத்தது. இன்னும் என்ன நீதி?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: 1993இல் ஜப்பான் அரசு வெளியிட்ட கோனோ அறிக்கை ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டது. ஜப்பானில் 1995இல் தொடங்கிய ஆசிய மகளிர் நிதி ஒருவருக்கு 20 லட்சம் யென் தந்தது. ஆனால் அது பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடை. அரசு சட்டப்படி பொறுப்பேற்றுத் தரும் இழப்பீடு அல்ல. அதனால்தான் கொரியப் பாட்டிகள் பலர் வறுமையிலும் அதை வாங்க மறுத்தார்கள். ஐ.நா. அறிக்கையாளராக இருந்த இலங்கைத் தமிழர் ராதிகா குமாரசுவாமியும் 1996இல் சட்டப் பொறுப்பு, இழப்பீடு, எழுத்தில் மன்னிப்பு, ஆவணங்களை வெளியிடுதல், பாடநூலில் சேர்த்தல் என்றே பரிந்துரைத்தார். 2015இல் ஜப்பான், தென்கொரிய அரசுகள் 100 கோடி யென்னுக்கு 'இறுதியானது, மாற்ற முடியாதது' என்று உடன்பாடு செய்தபோது, பாதிக்கப்பட்டவர்களை முறையாகக் கலந்து பேசவில்லை. 2021 ஜனவரியில் சியோல் நீதிமன்றம் 12 பேருக்குத் தலா 10 கோடி வொன் (கொரியப் பணம்) தரும்படி ஜப்பான் அரசுக்குச் சொன்னது. தென்கொரியாவோடு செய்த 1965 ஒப்பந்தத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஜப்பான் அதை ஏற்கவில்லை.

கேள்வி: மாணவிகள் முன் இதை எப்படிப் பேசுவது?
– ஆசிரியை, மேலூர்

பதில்: ஒரு மணி நேரம் போதும். வெளிப்படையாகத் தரப்பட்ட சாட்சியங்களில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வாசியுங்கள். எப்படிப் பிடித்துச் செல்லப்பட்டார், பின்னாளில் என்ன கேட்டார் என்ற பகுதிகளே வேண்டும். முகாமுக்குள் நடந்ததை விவரிக்க வேண்டாம். நாடகமாக்கவே கூடாது.

விருப்பமில்லாதவர் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள். வெளியே ஒரு ஆசிரியை நிற்கட்டும். பெரும்பாலும் தவறு நடப்பது கடைசியில்தான். 'யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?' என்று ஒலிவாங்கியை நீட்டிவிடுகிறார்கள். உணர்ச்சி வேகத்தில் ஒரு பெண் பேசுவாள், பத்து கைபேசிகள் பதிவு செய்யும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 72ஆம் பிரிவின்படி குற்றம். கைபேசிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

மேடைக்கு அலங்காரம் எதுவும் தேவையில்லை. இந்தப் பெண்களின் நினைவாகச் சியோலில் 2011இல் வைத்த சிறுமி சிலையின் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருக்கிறது. அதேபோல் ஒன்றைப் போட்டு வையுங்கள், யாரையும் அதில் உட்கார விடாதீர்கள்.